அழிந்தால் மறுபடி வரைகிற பிள்ளை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தைகளின் மன உறுதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேரிடர்களை ஒட்டியே எழுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோதும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகளைச் சிதறடித்தபோதும், மிஞ்சிய பிள்ளைகள் இதிலிருந்து எப்படி மீளப் போகிறார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் காலம் தாழ்ந்து கேட்கப்படும் கேள்வி. புயல் வரும் நாளில் ஒரு பிள்ளையிடம் இருக்கும் மீள்திறன், அதற்கு வெகு முன்பே, ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில், வீட்டுத் தரையில் அன்றாடம் நேரும் சின்னச் சின்ன ஏமாற்றங்களிலும் அவை ஆறிப்போவதிலும் சிறுகச் சிறுக உருவாகத் தொடங்கியிருக்கும். அத்தகைய ஏமாற்றங்களை ஆபத்தில்லாமல் பழகிக்கொள்ள எளிய கலை விளையாட்டைப் போல வசதியான இடம் வேறில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கிறுக்குவதும் குழைப்பதும் ஈரக் கையால் தரையில் இழுப்பதும்தான் இங்கே கலை விளையாட்டு எனப்படுகின்றன. ஓவிய வகுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மீள்திறன் பற்றிய ஆய்வுகளில் மிகவும் அறியப்பட்டது, ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் நடந்தது. எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அத்தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் மனநோய், குடும்பச் சண்டை எனப் பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த சூழலில் வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மீது அக்கறையும் உள்ள பெரியவர்களாக ஆனார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முதன்மையானது, தன்னை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட ஒருவரேனும் இளவயதில் அருகில் இருந்தார் என்பது. அந்த ஒருவர் தாய் தந்தையாகவே இருக்க வேண்டியதில்லை. பாட்டியாகவோ அத்தையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தாலும் போதுமானதாக இருந்தது. ரப்பர் பால் வெட்டவும் முந்திரி ஆலைக்கும் அம்மா விடியலில் கிளம்பிவிட, ஆச்சியின் கையில் பிள்ளைகள் வளரும் நம் ஊருக்கு இது சின்னச் செய்தியல்ல.

அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், பெரிதாக எதுவும் செய்வதில்லை என்றே சொல்ல வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் மன அழுத்தத்தை மூன்று தரமாகப் பிரிக்கிறது: வளர்ச்சிக்கு உதவும் சிறிய அழுத்தம், துணை இருந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய அழுத்தம், துணையின்றி நெடுங்காலம் நீடித்து உடலையும் மூளையையும் பாதிக்கும் நச்சு அழுத்தம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது, அருகில் நம்பகமான ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதுதான். இரண்டு வயதுப் பிள்ளையால் தன் பதற்றத்தைத் தானாக அடக்கிக்கொள்ள முடியாது. அந்த வேலைக்குரிய முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. இரண்டு வயதில் அது தொடக்க நிலையிலேயே இருக்கிறது. ஆகவே முதலில் பெரியவரின் அமைதியைப் பிள்ளை கடன் வாங்குகிறது. பலமுறை வாங்கிய பின்னரே சொந்தமாகக் கொஞ்சம் சேர்கிறது. ‘அழுதால் அழட்டும், அப்பத்தான் உறுதி வரும்’ என்று சொல்பவர்கள் கடனே கொடுக்காமல் சேமிப்பை எதிர்பார்க்கிறார்கள்.

கலை விளையாட்டு எங்கே வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கிறுக்கலின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பதினைந்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள், கையில் கிரேயானோ கரித்துண்டோ கிடைத்தால், அதை முழு முட்டியால் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசி இழுக்கிறார்கள். இரண்டு வயதை ஒட்டி, பெரியவர் இழுத்துக் காட்டும் நேர்க்கோட்டைப் போலத் தானும் இழுக்க முடிகிறது. மூன்று வயதில் வட்டம் வருகிறது. சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக், பல நாட்டுக் குழந்தைகளின் படங்களைப் பெருந்தொகையாகச் சேகரித்து ஒப்பிட்டு, அவற்றின் அடியில் 20 அடிப்படைக் கிறுக்கல்கள் இருப்பதாக வகைப்படுத்தினார். யாரும் கற்றுக்கொடுக்காமலேயே வருவது இந்தக் கிறுக்கல் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைக்கு இதில் என்ன இன்பம்? கையை ஆட்டுவதே இன்பம் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1968இல் ஜேம்ஸ் கிப்ஸனும் பட்ரீசியா யோனாஸும் ஒன்றேகால் வயதிலிருந்து மூன்று வயதைச் சற்றுத் தாண்டியவர்கள் வரையிலான குழந்தைகளிடம், தடம் பதிக்கும் கருவியையும் பதிக்காத கருவியையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் ஒரேபோல ஆட்டலாம். ஆனாலும் தடம் விழாதபோது பிள்ளைகள் வெகுவாகக் கிறுக்கலைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே ஈர்ப்பு அசைவில் இல்லை, ‘நான் செய்தேன், அது அங்கே வந்தது’ என்பதில் இருக்கிறது. தன் செயலுக்கு உலகில் ஒரு விளைவு உண்டு என்ற அறிவுதான் பின்னாளில் இடர் வரும்போது ‘ஏதாவது செய்து பார்க்கலாம்’ என்று எழுந்து நிற்க வைக்கிறது. அந்த அறிவு இல்லாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இனி ஒரு காட்சி. பங்குனி வெயில் ஏறிய முற்றம், சிமெண்டுத் தரை. ஒரு சிரட்டையில் தண்ணீர். நுனியைத் தட்டி நாராக்கிய ஒரு துண்டுக் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, தூரிகையாகியிருக்கிறது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை அதைத் தண்ணீரில் முக்கித் தரையில் இழுக்கிறாள். சாம்பல் நிறத் தரையில் கறுத்த கோடு விழுகிறது. இன்னொன்று இழுக்கிறாள். மூன்றாவது கோட்டில் இருக்கும்போதே முதல் கோட்டின் ஓரம் வெளுக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முழுதும் மறைந்துவிடுகிறது. பிள்ளை கையை நிறுத்துகிறாள். கோடு இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறாள். பிறகு திரும்பி, படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) உரித்துக்கொண்டிருக்கும் ஆச்சியின் முகத்தைப் பார்க்கிறாள். “காணல.”

ஆச்சி கத்தியை நிறுத்திவிட்டு, “போயாச்சா மக்களே? வெயிலு குடிச்சிட்டுப் போச்சு. சிரட்டையில இன்னும் தண்ணி கெடக்கு பாரு” என்கிறார். பிள்ளை சிரட்டையைப் பார்க்கிறாள், கதம்பையை முக்குகிறாள், இழுக்கிறாள்.

இதில் நடந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் மீள்திறனின் மொத்த வழிமுறையும் அடங்கியிருக்கிறது. ஓர் இழப்பு நேர்ந்தது. பிள்ளை அதைக் கவனித்தாள். அது எவ்வளவு பெரிய விபரீதம் என்று அளந்துகொள்ளப் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். ஆச்சி இழப்பை மறுக்கவில்லை, ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று மூடவுமில்லை. நடந்ததற்கு ஒரு பெயரும் ஒரு காரணமும் கொடுத்து, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மாற்றைச் சுட்டிக்காட்டினார். செய்து கொடுக்கவில்லை, சுட்டிக்காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் இது பத்துப் பதினைந்து முறை நிகழும். கடைசி முறைகளில் பிள்ளை ஆச்சியைத் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டிருப்பாள், சில நேரம் கோடு மறைவதற்காகவே காத்திருந்து சிரிப்பாள். செலவு எதுவுமில்லை, சுவரும் அழுக்காகவில்லை, ஆச்சியின் கிழங்கும் உரிந்தாயிற்று. பெரியவர் முழு நேரமும் பிள்ளையோடு குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வேலைக்குப் போகும் தாய்மார்களைத் தேவையில்லாமல் குற்ற உணர்வில் தள்ளுகிறது. திரும்பினால் முகம் தெரிகிற தூரத்தில் இருப்பதே முக்கியம்.

எட்வர்ட் டிரோனிக் தாய்–சேய் உறவைப் படச்சுருளில் பதிந்து நொடிநொடியாக ஆராய்ந்தவர். நல்ல உறவுள்ள இணைகளிலும் தாயும் குழந்தையும் ஒத்திசைந்திருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் என்று அவர் கண்டார். மீதி நேரமெல்லாம் தவறிப்போவதும் திரும்பச் சேர்வதுமாகவே கழிகிறது. பிள்ளைக்குப் பலம் தருவது இந்தத் திரும்பச் சேர்தல். எரிச்சலில் ஒரு முறை கத்திவிட்டோமே என்று அம்மா வருந்துவதில் பொருளில்லை. கத்தியபின் அருகில் போனாரா என்பதே கணக்கு.

கலை விளையாட்டில் பெரியவர்கள் தவறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, கையைப் பிடித்து வரைவது. நம் மாவட்டத்தில் விஜயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் எழுத்து எழுதவைக்கும் வித்யாரம்பம் ஆழமாக வேரூன்றிய வழக்கம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகும் மண்ணில் அது இயல்பும்கூட. அந்தச் சடங்குக்கு அதற்குரிய இடமும் நாளும் இருக்கின்றன. ஆனால் விரலைப் பிடித்து எழுதும்போது கோட்டின் உரிமையாளர் ஆசான், கிறுக்கும்போது பிள்ளை. இரண்டு வயதில் விளையாட்டு நேரம் முழுவதையும் வித்யாரம்பமாக மாற்றிவிட்டால், கிப்ஸன் ஆய்வில் தடம் விழாத கருவியைப் பெற்ற பிள்ளையின் நிலைதான் நம் பிள்ளைக்கும்: தடம் விழுகிறது, அது தன்னுடையதல்ல.

கையைப் பிடிக்காமல் கூட வரைவதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், தம்மிடம் வரும் சிறுவர்களோடு ஒரு விளையாட்டை ஆடுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வளைகோட்டை இழுப்பார், சிறுவன் அதை ஏதோ ஒன்றாக மாற்ற வேண்டும். பிறகு சிறுவன் இழுப்பான், அவர் மாற்றுவார். அந்தச் சிறுவர்கள் நம் பிள்ளையைவிட வயதில் மூத்தவர்கள்தாம், இருந்தாலும் முறை மாறி முறை என்ற அதன் உள்கட்டு இரண்டு வயதுக்கும் பொருந்தும். பிள்ளை ஒன்று இழுக்கட்டும், நாம் பக்கத்தில் ஒன்று இழுத்துவிட்டுக் காத்திருக்கலாம். காத்திருப்பதுதான் கடினம், நமக்கு உடனே அதை மீனாக்கி, கண் வைத்து, வால் வைத்து முடித்துவிடக் கை துடிக்கும்.

இரண்டாவது தவறு பாராட்டில் நேர்கிறது. எலிசபெத் கண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு 53 குழந்தைகளைப் பற்றியது. ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் வீட்டில் பெற்றோர் எப்படிப் பாராட்டினார்கள் என்பதைப் பதிவுசெய்து, அதே பிள்ளைகளை ஏழெட்டு வயதில் மறுபடி சந்தித்தார்கள். ‘நீ கெட்டிக்காரி’ என்று ஆளைப் புகழ்வதைவிட, செய்த முயற்சியைச் சுட்டிப் பாராட்டிய வீடுகளின் பிள்ளைகள் பின்னாளில் கடினமான வேலையை விரும்பி எடுப்பவர்களாகவும், திறமை முயற்சியால் வளரும் என்று நம்புபவர்களாகவும் இருந்தார்கள். ‘அழகா இருக்கு’ என்று சொல்லி முடிப்பதற்குப் பதிலாக, ‘அம்மாடி, தரை முழுக்க இழுத்திருக்கியே, கை வலிக்கலியா’ என்று கேட்கலாம்.

பரிசு இன்னும் சிக்கலானது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதைத் தாமாகவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் பேசப்படாத விளையாட்டு நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைதலில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதி அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பால்பற்கள் முழுதும் முளைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் வண்ணம் தீட்டும் போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கிறார்கள். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் பூசியதற்குக் கோப்பை என்பது என் கண்ணுக்கு இரட்டை நட்டம்: கோடும் பிள்ளையுடையதல்ல, பரிசால் வரையும் ஆசையும் குறைகிறது.

மூன்றாவது, அழுகையை நிறுத்தக் கையில் செல்போனைக் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரத்தைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்கிறது. களிமண் யானையின் தும்பிக்கை உடைந்து அழும் நேரத்தில் திரையைக் காட்டினால் அழுகை உடனே நின்றுவிடும், ஆனால் தும்பிக்கை உடைந்தபடியே கிடக்கும். அந்த அழுகையிலிருந்து தும்பிக்கையை ஒட்டிப் பார்ப்பது வரையிலான வழியைத்தான் பிள்ளை நடந்து பழக வேண்டியிருந்தது.

பொருள்களைப் பொறுத்தவரை கடைக்குப் போக வேண்டிய தேவையே இல்லாத மாவட்டம் இது. மரச்சீனி மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிளறினால் பளபளப்பான கூழாக இறுகும். ஆறியபின் ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் ஒன்றில் பீட்ரூட் சாறும் ஒன்றில் கீரைச் சாறும் கலந்தால் விரலால் பூசும் வண்ணம் ஆயிற்று. வாயில் வைத்தாலும் பயமில்லை. மாவைக் காய்ச்சியே பயன்படுத்த வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த நீலத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி விழுந்தால் ஊதாவாக மாறும், பிள்ளை அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும். புட்டுக்கு விரவிய ஈர மாவு, பிடித்தால் நிற்கும், அழுத்தினால் உதிரும். கட்டுவதும் உடைவதும் பழக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. உப்பை அள்ளிப் போட்டுப் பிசையும் மாவை மட்டும் சிறு பிள்ளைகளுக்குத் தவிர்ப்பது நல்லது. விழுங்கினால் உடலில் உப்பு கூடிவிடும்.

எச்சரிக்கைகளையும் இந்த மண்ணை ஒட்டியே சொல்ல வேண்டும். தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பூக்களில் கேந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் பிய்த்து ஒட்டி விளையாட உகந்தவை. கூடவே வரும் அரளி நஞ்சு, அது பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் போடும் மேற்குப் பகுதி வீடுகளிலும் இதைக் கவனிக்க வேண்டும். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணியை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டாம். ஓடு உடைந்து மெல்லப்பட்டால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி விதை, புளியங்கொட்டை போன்றவை மூச்சுக்குழாயில் அடைக்கும் அளவினவை, மூன்று வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் கிடைக்கும் ஆரத்திச் சிவப்பு மனதைக் கவரும், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். வெற்றிலைப் பெட்டியைப் பாட்டா உயரத்தில் வைக்கட்டும்.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஓர் அழுத்தம் பிரிவு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் அப்பாக்கள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. வளைகுடாவில் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘அடுத்த மாசம்’ என்பது விளங்காது. விளங்குவது, போனது திரும்பி வரும் என்ற ஓர் அடிப்படை வடிவம் மட்டுமே. 1920இல் சிக்மண்ட் ஃப்ராய்டு தம் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதினார்: அம்மா வெளியே போகும்போது அழாத அந்தப் பிள்ளை, நூல் கட்டிய கட்டையைத் தொட்டிலுக்குள் எறிந்து மறையவைத்து, பிறகு நூலை இழுத்து வரவழைத்து மகிழ்ந்துகொண்டிருந்தான். பிரிவைத் தன் கையால் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்ததாக ஃப்ராய்டு அதைப் படித்தார். அதே வடிவத்தைக் காகிதத்திலும் ஆடலாம். வெள்ளை மெழுகுவர்த்தியால் வெள்ளைத் தாளில் இழுத்த கோடு கண்ணுக்குத் தெரியாது. மேலே மஞ்சள் தண்ணீரைத் துணியால் ஒற்றினால் மெழுகு நீரை ஏற்காமல் கோடு வெள்ளையாக எழுந்து வரும். அப்பாவின் வள்ளத்தை அம்மா மெழுகால் வரைந்து கொடுக்க, பிள்ளை மஞ்சளால் கண்டுபிடிக்கலாம்.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. பசி, வீட்டில் அடி, குடி, தாயின் தீராத மனச்சோர்வு ஆகியவற்றுக்கு விரல் வண்ணம் மருந்தல்ல. பிள்ளைதான் உறுதியாக வேண்டும் என்று சொல்லிச் சூழலைத் திருத்தும் பொறுப்பிலிருந்து பெரியவர்கள் நழுவுவதற்கு மீள்திறன் என்ற பேச்சு பல நேரம் பயன்படுகிறது. அத்தகைய வீடுகளின் பிள்ளைகளுக்குக் கவாய் தீவு காட்டிய அந்த ஒருவர் அங்கன்வாடியில் கிடைக்கலாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்கும் இம்மையங்களில் நம் மாநிலம் இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கிறது. ஊட்டச்சத்து மாவும் எடை பார்த்தலும் பதிவேடுகளும் பணியாளரின் நேரத்தைத் தின்றுவிடுவதால், சுவரில் வரைந்த படங்களைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதோடு கலை நின்றுபோகும் மையங்களும் உண்டு. முற்றத்தில் நாலு சிரட்டைத் தண்ணீர் வைப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தரை ஈரமானால் குறை சொல்லாத மேற்பார்வையாளர் இருந்தால் போதும்.

பிள்ளை கிறுக்க மறுப்பதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். சிலருக்குப் பிசுபிசுப்பே பிடிக்காது, அவர்கள் கையில் தூரிகையோ துணியோ இருக்கட்டும். ஆனால் பதினெட்டு மாதமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, தான் செய்ததைக் காட்டுவதற்காக யாருடைய முகத்தையும் பார்க்காத பிள்ளை, ஏற்கெனவே பேசிய சொல்லையோ செய்த விளையாட்டையோ இழந்துவிட்ட பிள்ளை ஆகியோரை ‘ஆம்பிளப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்’ என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. வளர்ச்சித் தாமதம் இருப்பதாக அவர்கள் ஐயப்பட்டால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழு வரும் நாளுக்காகக் காத்திராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.